பத்துக்குப் பத்து ரூமுக்கு ஸ்பீக்கர்

மகன்,

நீ ஞாயித்துக்கிழமை போட்ட மெசேஜ் கண்டன். 10க்கு 10 ரூம் ஒண்டு, குறைஞ்ச காசு, நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி, செய்யுறதா வாங்குறதா எண்டு கேட்டிரிக்காய். நீயா ஒரு விசயம் என்னட்ட கேட்டு எவ்வளவு காலம், அதுவும் எனக்குத் தெரிஞ்ச விசயம், அதால எழுதியே விடுவம் எண்டு இருந்திட்டன். கோல்ல சொல்ல வெளிக்கிட்டா உனக்கு நேரம் இல்ல. எப்ப எடுத்தாலும் காருக்குள்ள இருந்துதான் கதைக்கிறாய், அம்மா கேக்கிறா ஏன் இவன் எந்த நேரமும் கார்லயே இரிக்கான் எண்டு, நான் சொன்னன் டொரண்டோவில ட்ராஃபிக் கூட எண்டு.

முதல்ல மறுமொழியச் சொல்லிப் போடுறன். வாங்கு. பழசு வாங்கு. இப்ப செய்ய வேணாம்.

உனக்குச் செய்யத் தெரியாதெண்டு நான் சொல்லல்ல. ஒன்பதாம் ஆண்டு படிக்கக்குள்ள நீ அடிச்ச அந்தப் பொட்டி இன்னும் கடை மேசைக்கு மேல பாடிக்கிட்டுத்தான் இரிக்கு, மாமி வீட்ட கிடந்ததால அது மட்டும் கடலுக்குப் போகாமத் தப்பினது. கடைக்கு வாற ஆளுக்கெல்லாம் இது என்ட மகன்ட வேலை எண்டு சொல்லுறனான், உன்னட்டத்தான் ஒரு நாளும் சொன்னதில்ல. ஆனா செய்யுறதெண்டா இடம் வேணும். ஹோம் டிப்போவில பலகைய அளவுக்கு வெட்டித் தருவாங்கள் சரி, மறுகா வட்டம் வெட்டணும், ஒட்டணும், கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடணும், எம்டிஎஃப் எண்ட அமுக்கின பலகைட தூள் சும்மா தூள் இல்ல, அது நெஞ்சுக்குள்ள போகும், படுக்கிற ரூமுக்குள்ள அந்த வேலை கூடாது. படுக்கிறதும் அதுக்குள்ளதானே? நீ அனுப்பின போட்டோவில மெத்தை நிலத்தில கிடக்கு, கட்டிலக் காணல்ல.

10க்கு 10 எண்டது எனக்கு ரெண்டு மூணு நாளா மண்டைக்குள்ள ஓடுது. நீளமும் அகலமும் ஒண்டா இரிக்கிற ரூம் ஸ்பீக்கருக்கு ஆகவும் கூடாத ரூம். சத்தம் செக்கனுக்கு 343 மீட்டர் போகுது, 10 அடி எண்டா 3 மீட்டரும் கொஞ்சமும், அந்த ரெண்டு சுவருக்கும் இடையில 56 ஹேர்ட்ஸ் அளவில, அதாவது செக்கனுக்கு 56 அதிர்வு, பேஸ் எண்ட அடிச் சத்தம் நிண்டு இரையும், மற்றப் பக்கமும் அதே 10 எண்டா அதுவும் அந்த 56லயே சேந்து இரையும், ஒரு சுரம் மட்டும் தம்தம் எண்டு வரும், மற்றதெல்லாம் அமுங்கிப் போகும். நல்ல ஸ்பீக்கரையும் அந்த ரூம் கெடுத்துப் போடும். அங்க உங்கட ஹோல் 16க்கு 11, நீதான் டேப் பிடிச்சு அளந்து அனுப்பினாய், அந்த டவர் ஸ்பீக்கர் ரெண்டையும் எங்க வைக்கிறதெண்டு கேட்டு, அண்டைக்கு மருமகளும் ஃபோன்ல வந்து மாமா இவர் சோபாவத் தூக்கி வெளிய போடச் சொல்லுறார் எண்டு சிரிச்சவ. அது நல்ல ஹோல். சரி, அது கிடக்கட்டும்.

உயரத்தையும் அளந்து அனுப்பு. போட்டோவில பாத்தா 7 அடிக்கு மேல வராது போல, ஜன்னலும் சீலிங்குக்குக் கிட்ட இரிக்கு.

மூலையில மட்டும் வைக்காத. இடம் இல்லாட்டி எல்லாரும் செய்யுறது அதுதான், ரெண்டு மூலையில ரெண்டத் தள்ளி விடுறது. சுவர் ஒண்டு பக்கத்தில இரிந்தாலே பேஸ் கூடும், மூலையில ரெண்டு சுவரும் நிலமும் சேந்து தூக்கும், கடையில கேக்கக்குள்ள ஆஹா எண்டு இரிக்கும், ஒரு கிழமை போனா தலையிடி. நீ இரிக்கிற இடமும் ரூமுக்கு நடு நடுவா வேணாம், அங்க அந்த 56 ஒண்டும் கேக்காது, சுவரோட சாய்ஞ்சா கூடிப் போகும். உனக்குப் பின்னால இரிக்கிற சுவரில இருந்து ரூம்ல மூண்டில ஒரு பங்கு தள்ளி ஒரு கதிரை போட்டுப் பாரு. கதிரை இரிக்கா?

ரெண்டாவது மெசேஜில, இரவில சத்தம் குறைச்சுத்தான் கேக்கலாம், மேல ஆக்கள் இரிக்காங்க எண்டு எழுதியிருந்தாய். மேல ஆர் ஆக்கள் எண்டு நான் கேக்கல்ல. சத்தம் குறைச்சுக் கேக்கிறதில ஒரு சங்கதி இரிக்கு, அதை மட்டும் சொல்லுறன். மனுசன்ட காது குறைஞ்ச சத்தத்தில பேஸை விட்டிரும், அமெரிக்காவில பெல் லேபில ஃபிளெச்சர், மன்சன் எண்ட ரெண்டு பேர் 1933ல இதை அளந்து காட்டினவங்கள், பழைய அம்ப்ளிஃபயர்ல லவுட்னஸ் எண்டொரு பட்டன் இருந்ததே அது இதுக்குத்தான். அதால நீ கேக்கப் போறது மெல்லின சத்தம் எண்டா, ஸ்பீக்கர அதுக்குப் பின்னால இரிக்கிற சுவருக்குக் கொஞ்சம் கிட்ட வைக்கலாம், குறையுற பேஸை அந்தச் சுவர் தரும். மூலை இல்ல, சுவர். விளங்குதா, மூலையில வைக்காத.

நாங்க சத்தம் குறைச்சுக் கேட்டது வேற காரணத்துக்கு. இரவு பிபிசி தமிழோசை வரக்குள்ள ரோட்டால போறவனுக்குக் கேக்கப்படாது, ரேடியோவுக்கு மேல சாரத்தப் போட்டு மூடி வெச்சிக் கேட்டம், ஆனா அந்த ரேடியோவச் சுத்தி வீடு நிறைய ஆக்கள் இருந்தம், பக்கத்து வீட்டு ஆச்சியும் வேலியால வந்திருவா. தனிய இருந்து சத்தம் குறைச்சுக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்ல.

இதுக்கு நல்ல வழி கிட்ட இருந்து கேக்கிறது. தூரத்தப் பாதியாக்கினா 6 டெசிபல் கூடும், அது சும்மா கிடைக்கிற அம்ப்ளிஃபயர். 3, 4 அடியில ரெண்டு ஸ்பீக்கரும் நீயும் ஒரு முக்கோணம், கீச்சுச் சத்தம் வாற சின்ன ட்வீட்டர் காது உயரத்தில. மேல இரிக்கிறவங்களுக்கும் கரைச்சல் இல்ல. பிபிசிக்காரன் 1970கள்ல எல்எஸ் த்ரீ ஃபைவ் ஏ எண்டு ஒரு ஸ்பீக்கர் செய்தான், வெளிக்களத்துக்குப் போற வானுக்குள்ள நெருக்கிக்கிட்டு இரிந்து கேக்கிறதுக்கு, பேஸுக்கு 5 இஞ்சி வூஃபர், 12 மில்லிமீட்டர் பிளைவுட், சின்னப் பொட்டி, காத்துப் போக ஓட்டை இல்ல. அதுக்கு இப்ப தங்க விலை, அதைத் தேடிப் போகாத. சொல்ல வாறது என்னெண்டா சின்ன ரூமுக்கு மூடின சின்னப் பொட்டிதான் சரி. பின்னால ஓட்டை வெச்ச பொட்டிய சுவரோட வைக்கேலா, ஓட்டைக்குள்ள ஒரு பழைய சொக்ஸைத் திணிச்சா ஓரளவுக்குச் சமாளிக்கும்.

இப்ப நீ எனக்கு ஒண்டு சொல்லணும். எத்தினை பேர் இரிந்து கேப்பீங்க? தனி ஆள் எண்டா நான் சொன்ன முக்கோணம் காணும். ரெண்டு பேர் எண்டா இடைவெளியக் கூட்டி, ஸ்பீக்கர் ரெண்டையும் நல்லா உள்ளுக்குத் திருப்பி வைக்கணும், ரெண்டின்ட முகமும் உங்களுக்கு முன்னால குறுக்க வெட்டுற மாதிரி, அப்பத்தான் ஓரத்தில இரிக்கிற ஆளுக்கும் குரல் நடுவில நிக்கும். இது சும்மா கேக்கிற கேள்வி இல்ல மகன், இது தெரியாம ஸ்பீக்கர் எடுக்கேலா.

ஹெட்போன் வாங்கினா இந்தத் தொல்லை ஒண்டும் இல்லையே எண்டு நினைப்பாய். வேணாம். ஹெட்போன் போட்டா ஃபோன் அடிக்கிறது கேக்காது. இப்பவே கேக்குதில்ல.

வாங்குறதுக்கு நீ இரிக்கிற ஊரப் போல ஊர் இல்ல. ஒட்டாவாவில அரசாங்கத்துட தேசிய ஆராய்ச்சி சபையில ஃபிளோய்ட் டூல் எண்ட மனுசன், திரைக்குப் பின்னால ஸ்பீக்கர வெச்சி, எது என்ன கம்பனி எண்டு தெரியாம ஆக்கள இருத்திக் கேக்க வெச்சி, எது மனுசருக்குப் பிடிக்குது எண்டு வருசக்கணக்கா அளந்தவர், கூட்டிக் குறைக்காம ஒரே சீரா பாடுற ஸ்பீக்கரைத்தான் கூடுதலான ஆக்கள் எடுத்தாங்க. அந்த லேபை வெச்சித்தான் கனடாக் கம்பனிகள் எழும்பினது, பிஎஸ்பி, பராடைம் எண்டு. பிஎஸ்பி உனக்குப் பக்கத்தில பிக்கரிங்தான். பிஎஸ்பி அல்ஃபா, பராடைம் அட்டம், மினி மொனிட்டர், இதுகள்ட பழைய சோடி கிஜிஜி விளம்பரத் தளத்தில வரும், பழைய சாமான் விக்கிற வேல்யூ வில்லேஜிலயும் சில நேரம் கிடக்கும். பொட்டி கீறல் விழுந்திரிந்தா நல்லது, விலை குறையும், கீறலுக்குச் சத்தம் இல்ல. 100 டொலருக்கு மேல குடுக்காத. புதுசா விக்கிற ஆயிரம் வோட் பிஎம்பிஓ எண்டு மட்டையில அடிச்ச சாமானக் கண்டா அங்கால போ, அந்த வோட்டுக்கு ஒரு கணக்கும் இல்ல, நாங்க கோயிலுக்குக் கட்டின நாலு ஹோர்னுக்கும் அவ்வளவு ஏத்தினதில்ல, அது மாமாங்கக் கோயில்ல இருந்து எங்கட வீட்டு முத்தத்துக்குக் கேட்டது.

போய்ப் பாக்கக்குள்ள கூச்சப்படாம முன் துணியக் கழட்டிப் பாரு. முன்னுக்குத் தெரியிற கூம்பு, அந்தக் கோனச் சுத்தி விளிம்பு ஃபோம் எண்டா விரலால மெல்லத் தொடு, பொடிஞ்சா விட்டிட்டு வா, ரப்பர் எண்டா பயமில்ல. ரெண்டு கைப் பெருவிரலையும் கோன்ட ரெண்டு பக்கத்திலயும் வெச்சிச் சமனா அமத்து, உள்ள சரசரத்தா கொயில் உரசுது, வேணாம். பின்னால ரெண்டு முனையிலயும் ஓம் பாக்கிற மீட்டர வை, 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 காட்டும், ஒண்டும் காட்டாட்டி உள்ள அறுந்து போயிரிக்கு. ட்வீட்டர் செத்திரிக்கா எண்டு மீட்டர் சொல்லாது, நடுவில மீட்டர்ட கரண்டை மறிக்கிற கப்பாசிட்டர் நிக்கும், அதுக்குக் காதை ட்வீட்டரோட வெச்சித்தான் கேக்கணும். மறுகா உனக்குப் பாடமான பாட்டு ஒண்டப் போடு. குரல் ரெண்டுக்கும் நடுவில நிக்கணும். குரல் எங்க நிக்குது எண்டே தெரியாம பேஸும் செத்திரிந்தா வயர் ஒரு பக்கம் மாறிக் குடுத்திரிக்கு, அது பிழை இல்ல, மாத்திக் குடுத்தாச் சரி, விக்கிறவனுக்குத் தெரியாட்டி விலைய இன்னும் குறை.

அம்ப்ளிஃபயருக்குக் காசு கொட்டாத. டிபிஏ 3116 சிப் போட்ட சின்ன போர்ட் ஒண்டு எடு, உன்ட பழைய லேப்டொப் சார்ஜர் 19 வோல்ட் தானே, அதையே குடுக்கலாம், 26க்கு மேல மட்டும் போகாத. 8 ஓமுக்கு ஒரு பக்கம் 20 வோட் கிட்ட வரும். 4 அடியில இரிந்து இரவில கேக்க 1 வோட்டே மிச்சம். வயர் சாதாரண செம்பு வயர் காணும், தங்க முலாம் பூசின வயர் எண்டு எவனும் சொன்னா சிரிச்சிட்டு வா.

காசப் பத்தியும் சொல்லிப் போடுறன். இந்த மாசம் எங்களுக்கு அனுப்பாத. அம்மாட கண்ணுக்கு ஆஸ்பத்திரியில அடுத்த கிளினிக் பிந்தித்தான், கடை வாடகையும் வருது, தங்கச்சியும் சம்பளம் எடுக்கிறாள். போன மாசமும் நீ அதே கணக்கு அனுப்பினாய், அனுப்பிப் போட்டு, குறைஞ்ச காசில ஸ்பீக்கர் எண்டு கேக்கிறாய். அது எனக்குப் பொருந்தல்ல. நீ சின்னனிலயும் இப்பிடித்தான், பசிக்குதெண்டு சொல்ல மாட்டாய், குசினிப் பக்கம் ரெண்டு தரம் நடப்பாய்.

அந்த டவர் ஸ்பீக்கர் ரெண்டும் அங்கதான் நிக்குது எண்டு நினைக்கிறன். நிக்கட்டும். அதைத் திருப்பிக் கேக்காத, ஆர் காசில வாங்கினது எண்டு கணக்குப் பாக்காத, உன்ட கையில பில் இரிந்தாலும் பாக்காத. பெரிய ஹோலுக்கெண்டு எடுத்த சாமான், அந்த ஹோல்லயே நிக்கட்டும், புள்ள பாட்டுக் கேப்பான். நீ சின்னச் சோடி ஒண்டு எடு. அம்மாவுக்கு நான் இதொண்டும் சொல்லல்ல, மகன் ஸ்பீக்கர் வாங்கப் போறான் எண்டு மட்டும் சொன்னன், இந்த வயசில என்னத்துக்கு இவனுக்கு ஸ்பீக்கர் எண்டு ஏசினா.

இஞ்ச எல்லாரும் சுகம். மழை தொடங்கிட்டு.

ஒண்டு விட்டிட்டன். பழைய சோடியில முன் கிரில், அந்த முன் துணி மூடி, இல்லாமலும் விப்பாங்கள், அது இன்னும் மலிவு. கிரில் இல்லாமக் கேட்டா சத்தம் கொஞ்சம் தெளிவும் கூட, தனி ஆள் எண்டா நான் அதைத்தான் எடுக்கச் சொல்லுவன். ஆனா ட்வீட்டர் நடுவில இரிக்கிற அந்தக் குமிழ் நாலு வயசுப் புள்ளைக்கு அமத்திப் பாக்காம இரிக்கேலா, அமத்தினா உள்ளுக்குப் போயிரும், நீ என்ட பிலிப்ஸுக்குச் செய்த வேலை எனக்கு மறக்கல்ல. சனி ஞாயிறில எண்டாலும் சின்னவன் அந்த ரூமுக்கு வந்து நிப்பான் எண்டா கிரில் இரிக்கிற சோடியாப் பாத்து எடு, இருபது முப்பது டொலர் கூடினாலும் பரவாயில்ல, அதை நான் தாறன். கிரில் வேணுமா வேணாமா எண்டு மட்டும் கெதியா எழுது.

அப்பா