மங்கிய விளக்கும் ஆறாத புண்ணும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மின் அகல்விளக்கின் நாணய வடிவப் பேட்டரியைக் குழந்தை விழுங்கியது தொடர்பாக

ஐயா,

கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் எண்ணெய் விளக்குதான் வழக்கம். புதிதாக நடக்கப் பழகிய பேத்தி திரியைத் தொட்டுவிடுவாளோ என்று பயந்து, இந்த முறை உங்கள் மின் அகல்விளக்குகளை வாங்கினேன். பன்னிரண்டு விளக்குகள், 349 ரூபாய்.

மூன்றாம் நாள் ஒரு விளக்கு மங்கிவிட்டது. அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று எச்சில் ஒழுகியது, தண்ணீரும் இறங்கவில்லை. முள் சிக்கினால் சோற்றுருண்டை விழுங்கச் சொல்வோமே, அந்த நினைப்பில் வாழைப்பழம் ஊட்டினோம். துப்பிவிட்டாள். பிறகுதான் அடிமூடி கழன்று கிடந்த விளக்கு கண்ணில் பட்டது.

எக்ஸ்ரேயில் எனக்கு அது நாணயமாகத்தான் தெரிந்தது. விளிம்பையொட்டி உள்ளே தெரிந்த இன்னொரு வளையத்தை மருத்துவர் காட்டினார். நாணயத்தில் அது இருக்காதாம். நாணயமென்றால் சில நேரம் பொறுத்துப் பார்ப்பார்களாம். பேட்டரிக்கு அந்த அவகாசம் கிடையாது. உணவுக்குழாயின் ஈரத்தில் மின்சாரம் ஓடி, சோடா உப்பைவிடப் பல மடங்கு அரிக்கும் காரப்பொருள் அங்கேயே உருவாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை ஆழமாகப் புண்ணாக்கிவிடுமாம். மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த குழாயை வாய்வழியாக விட்டு எடுத்தார்கள். புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்குகிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கஞ்சியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள்.

உங்கள் சேவை எண்ணில் பேசியவர், "மங்கிப்போன பேட்டரிதானே அம்மா, ஒன்றும் செய்யாது, வேறு விளக்கு அனுப்புகிறோம்" என்றார். விளக்கு எரியப் போதாத மின்சாரமும் குழந்தையின் தொண்டையைப் பொசுக்கப் போதும் என்பது, அதை விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? 20 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று வோல்ட் லித்தியம் பேட்டரி அது. பேத்தியின் பொம்மைகளில் பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதே என்றதற்கு, விளக்கு பொம்மை அல்ல என்று பதில் வந்தது. உங்கள் மூடி நகத்தால் தள்ளினாலே கழல்கிறது. பெட்டியில் விளக்கைத் தண்ணீரில் போடாதீர்கள் என்று மூன்று மொழிகளில் எச்சரித்திருக்கிறீர்கள். விழுங்கினால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று ஒரு மொழியிலும் இல்லை.

எனக்குப் புது விளக்கு வேண்டாம். கடைகளில் இருக்கும் பெட்டிகளைத் திரும்பப் பெறுங்கள். வாங்கியவர்களுக்குத் தகவல் அனுப்புங்கள். மூடிக்குத் திருகாணி போட்ட பிறகு விற்றுக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவுக்கான ரசீது நகல்களை இணைத்திருக்கிறேன். பதினைந்து நாட்களில் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். மீதி விளக்குகளையும் அந்தக் கருகிய பேட்டரியையும் பூட்டி வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன், தரமாட்டேன்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட குழந்தையின் பாட்டி