தொண்ணூறு சதவீதம் சரி, எத்தனை டிகிரியில்?

ஆசிரியருக்கு,

எஃகை அமில அரிப்பிலிருந்து காக்கத் தாவர எண்ணெயே போதும், 90 சதவீதப் பாதுகாப்பு கிடைக்கும் என்கிற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. விஷயம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. துருவை எடுக்க எஃகை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினால், அமிலம் துருவோடு நிற்காது, நல்ல இரும்பையும் தின்னும். தகட்டில் பொடிப்பொடியாகக் கிளம்புகிற குமிழிகள் ஹைட்ரஜன், அதாவது உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கிறது. அந்த அமிலத்தில் எண்ணெயைச் சேர்த்தால், உதாரணமாகக் கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால் போன்ற மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் அணு, பென்சீன் வளையம் வழியாக இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்துக்கு இடம் விடாமல் செய்கின்றன. அப்புறம் குமிழி குறைந்துவிடும்.

'90 சதவீதப் பாதுகாப்பு' என்றால், எண்ணெய் இல்லாதபோது 100 மில்லிகிராம் இழந்த தகடு இப்போது 10 மில்லிகிராம்தான் இழக்கிறது, அவ்வளவே. ஆனால் சோதனை பெரும்பாலும் அறை வெப்பநிலையை ஒட்டி, சில மணி நேரம்தான் நடக்கிறது. தொழிற்சாலைத் தொட்டியோ 60 டிகிரிக்கு மேலும் போகும். அந்தச் சூட்டில் பல எண்ணெய்களின் பிடி தளர்ந்துவிடும். போதாததற்கு எண்ணெய் அமில நீரில் சரியாகக் கலக்காது, அதற்குத் தனியாகக் குழம்பாக்கி, அதாவது எண்ணெயை நீரோடு கலக்க வைக்கும் பொருள், வேண்டும். அரிப்பைத் தடுக்க இப்போது அமிலத்தில் சேர்க்கிற புரோபார்கைல் ஆல்கஹால் நச்சு என்பதால் மாற்று தேவைதான், மறுக்கவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது சதவீதத்தோடு வெப்பநிலையையும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு வாசகர்