தேடுவதை நிறுத்தியவர்கள் சோம்பேறிகள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தொற்றில் வேலையிழந்தவர்கள் பலர் மறுபடி வேலை தேட முன்வராததற்கு அரசு உதவித்தொகையும் சோம்பலுமே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உதவித்தொகையே இல்லாதவர்களும் தேடுவதை நிறுத்தினார்கள் என்பதை இப்படிச் சொல்பவர்கள் கவனிப்பதில்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கையில் வேலை இல்லாததனால் மட்டும் ஒருவர் வேலையில்லாதோர் பட்டியலில் சேர்ந்துவிட மாட்டார். அண்மைய நான்கு வாரங்களில் அவர் வேலை தேடியிருக்கவும், கிடைத்தால் சேர ஆயத்தமாக இருக்கவும் வேண்டும். தேடாதவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். 2019ஐ விட 2020இல் வேலையில் இருந்தோர் எண்ணிக்கை உலக அளவில் 11.4 கோடி குறைந்ததாகவும், அதில் 3.3 கோடிப் பேர் மட்டுமே வேலையில்லாதோராகப் பதிவானதாகவும், எஞ்சிய 8.1 கோடிப் பேர் வேலைச் சந்தையை விட்டே விலகியதாகவும் அந்த அமைப்பு 2021 ஜனவரியில் மதிப்பிட்டது. எட்டுக் கோடிப் பேருக்கு ஒரே ஆண்டில் சோம்பல் தொற்றிக்கொண்டது என்று நம்ப என்னால் இயலவில்லை.

வேலை தேடுவதற்கும் பணமும் நேரமும் தெம்பும் செலவாகின்றன. பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் மனிதர்கள் அந்தச் செலவைத் தாங்குவார்கள். உணவகம், விடுதி, சுற்றுலா, சில்லறை வணிகம் எனத் துறை துறையாகக் கதவடைத்திருந்தபோது, அவற்றிலேயே அனுபவம் பெற்றவர் எங்கே போய்க் கேட்பார்? ஆளெடுப்பை நிறுத்திவைத்த பிறகும் சில நிறுவனங்கள் பழைய விளம்பரங்களை இணையத்திலிருந்து நீக்கவில்லை. அவற்றை நம்பி விண்ணப்பிப்பவர் தன்விவரக் குறிப்பைப் பதிவேற்றிய பின், அதிலுள்ள அத்தனையையும் படிவத்தில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது’ என்று உடனே ஒரு தானியங்கி மின்னஞ்சல் வரும். அதற்குப் பதில் எழுதவும் முடியாது, அதன்பின் எந்தத் தகவலும் வராது. ‘இல்லை’ என்று ஒரு வரி வந்தால்கூட மனிதர் மனத்தைத் தேற்றிக்கொண்டு அடுத்த இடத்தைப் பார்ப்பார். மாதக்கணக்கில் பதிலே வராதபோது குறை தன்னிடம்தான் இருக்கிறது என்று எண்ணத் தொடங்குகிறார். இடைவெளி நீள நீள, அந்த இடைவெளியையே காரணம் காட்டி அவரை ஒதுக்குவதும் நடக்கிறது.

வீட்டு நிலைமையும் சேர்ந்துகொண்டது. பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அதே மதிப்பீட்டின்படி 2020இல் வேலை இழப்பு ஆண்களிடையே 3.9 சதவீதம், பெண்களிடையே 5 சதவீதம். முதியவர்களோடு வசித்தவர்களுக்குத் தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்ற அச்சமும் இருந்தது. குறைந்த கூலிக்காக அந்த ஆபத்தை ஏற்க மறுப்பதைப் பொறுப்பின்மை என்று எப்படிச் சொல்வது?

இப்படி ஒதுங்கியவர்களை மீட்பதில் அரசுகளுக்கு அவசரம் இல்லாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. சோர்ந்துபோனவர்கள் தேடலை நிறுத்தும்போது, புதிதாக ஒருவருக்குக்கூட வேலை கிடைக்காமலே வேலையின்மை விகிதம் குறையும். அமெரிக்காவில் 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே உழைக்கும் வயதினரில் வேலை பார்ப்போர், தேடுவோர் ஆகிய இரு தரப்பினரின் கூட்டு விகிதம் மூன்று சதவீதப் புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. தேடலை நிறுத்தினாலும் வேலை வேண்டும் என்போரை அந்நாட்டுப் புள்ளியியல் துறை தனியாகக் கணக்கிட்டு மாதந்தோறும் வெளியிடுகிறது. இந்த வழக்கம் இல்லாத நாடுகளும் அதைப் பின்பற்ற வேண்டும். பத்திரிகைகளும் வேலையின்மை குறைந்ததாகத் தலைப்பிடும்போது, தேடுவதையே விட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அதே செய்தியில் தெரிவிக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்