தலைப்பில் ஒட்டும் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘ஓரினச்சேர்க்கையாளர் கைது’ போன்ற தலைப்புகள் நெல்லைச் செய்திகளில் இன்னும் வருகின்றன. உள்ளே படித்தால் செல்போன் பறிப்பு வழக்கு. கைதானவர் யாரை விரும்புகிறார் என்பதற்கும் களவுக்கும் என்ன தொடர்பு? நிருபர்கள் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கட்டும். செய்தி குறையவில்லையென்றால் அது அங்கே வேண்டாம்.

வேண்டிய இடத்தில் ‘தன்பாலீர்ப்பு கொண்டவர்’ என்று எழுதலாம். பழைய சொல் மனிதரைப் படுக்கையறைக்குள் அடைக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்), ஊடுபால் எல்லாம் உண்டு. செய்தி மேசையில் ஒரு நகல் இருக்கட்டும். எல்லோரையும் ‘மூன்றாம் பாலினம்’ என்று ஒரே சாக்கில் கட்டுவதால்தான் குழப்பம். திருநங்கை என்பது பாலின அடையாளம். ஊடுபால் என்பது ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத பிறவி உடற்கூறு. ஈர்ப்பு இரண்டிலும் சேராது.

பள்ளிக்கூடங்களில் நளினமாக நடக்கும் பையனை ‘ஒம்போது’ என்று கூப்பிடுகிறார்கள். வாத்தியார்கள் காதில் விழாததுபோல் போகிறார்கள். அவன் இடைவேளையில் கழிப்பறைக்குப் போகவே அஞ்சுகிறான். பிறகு லீவு போடுகிறான், படிப்பையே விடுகிறான். முதல் தடவை கேட்டதுமே வகுப்பிலேயே கண்டிக்குமாறு ஆசிரியர்களுக்குக் கல்வித்துறை எழுத்தில் அறிவுறுத்த வேண்டும்.

- வாசகர்கள் சிலர், பாளையங்கோட்டை