யமன் வந்த கச்சேரி

கொழும்பு 6
ஒக்டோபர் 14

அன்புள்ள பரா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ அனுப்பிய குரல் பதிவு பதினொன்றையும் கேட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டதோடு சரி. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் இடமாற்றம் கிடைத்து வந்துவிட்டாள். மாம்பழக் காலம் முடிந்ததால் என் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கணக்கர் இன்னும் கணக்கராகவே இருக்கிறார். வேறு என்ன, மழை.

விஷயத்துக்கு வருகிறேன். போன போயாவன்று (பௌர்ணமி விடுமுறை) திலகமக்காவின் ஃபிளாட்டுக்குக் கீழே, கார் பார்க்கில், ஒரு கச்சேரி வைத்தோம். சிரிக்காதே. வர்ணம் முதல் மங்களம் வரை, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தோடு, முழுக் கச்சேரி.

அது ஏன் கார் பார்க்கில் என்று நீ கேட்பாய். மூன்று வருடத்துக்கு முன் நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை, அக்கா சொல்லவிடவில்லை. ஒரு மண்டபம், பெயர் வேண்டாம், நமக்குத் தெரிந்ததுதான். மேல்மாடி. 27 படி, ஒரு பக்கம் மட்டும் கைபிடி. அக்காவுக்கு இடுப்புச் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நானும் இரண்டு பெடியன்களும் அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் கதிரையின் கால் கைபிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் படியிலேயே வரிசையாக நின்றுவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை; "பார்த்து, பார்த்து" என்றார்கள், அவ்வளவுதான். ஆனால் அக்கா சேலைத் தலைப்பால் முழங்காலை மூடுவதும் அது நழுவுவதும் திரும்ப மூடுவதுமாக இருந்தார். வர்ணம் முடியும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "இனி வேண்டாமடா" என்றார். அதற்குப் பிறகு கச்சேரி என்று நான் வாயெடுத்தாலே அவருக்குத் தலையிடி வந்துவிடும்.

நம் இருவருக்கும் கச்சேரி கேட்கப் பழக்கியவர், பரா. தோடியைச் சரியாகச் சொன்னால் ஐஸ்பழம். எல்லா ராகத்தையும் தோடி என்று சொல்லியே நீ வாரம் ஒன்று வாங்கினாய்.

சரி, இரண்டாவது காரணம் நான் கைதட்டியது. மேற்கத்திய வயலின் படிக்கிற பேத்தி, மார்ச் மாதம் என்னை ஒரு நிகழ்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெளிநாட்டிலிருந்து வந்த நால்வர்: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நான் இதற்கெல்லாம் புதுசு. 1958-இலிருந்து இந்த ஊரில் ஒரு சிம்பனி இசைக்குழு இருக்கிறது, அதற்கு ஒரு நாளாவது போயிருக்கிறேனா? இல்லை. முதல் பகுதி முடிந்தது. அந்தச் செல்லோக்காரர் கடைசியில் வில்லை இழுத்த இழுப்பு இருக்கிறதே, நமது பழைய வயலின் வித்துவான்கள் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள். நான் தட்டினேன். நன்றாகவே தட்டினேன். மண்டபத்தில் என் இரண்டு கை மட்டும்தான். இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார், சோற்றில் மயிர் கண்டவர் மாதிரி. "அப்பப்பா, நாலு பகுதியும் முடிந்தபிறகுதான் தட்ட வேணும்" என்று பேத்தி காதுக்குள் சொன்னாள். மீதி நேரம் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். முடிந்தபிறகும் தட்டவில்லை, முடிந்ததா என்ற சந்தேகத்தில்.

வீம்பு வந்துவிட்டது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று தேடி வாசித்தேன். கேள்: மோசார்ட் 22 வயதில் பாரிஸுக்குப் போய் ஒரு சிம்பனி எழுதுகிறார். 1778 ஜூனில் அது அரங்கேறுகிறது. முதல் பகுதியின் நடுவில் ஓர் இடம் வருகிறது, இது இவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார். அந்த இடம் வந்ததும் கூட்டம் கைதட்டுகிறது. பகுதி முடியவும் இல்லை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே! மனுஷன் கோபிக்கவா செய்தார்? சந்தோஷம் தாங்காமல் போய் ஐஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நேர்ந்துகொண்டபடி செபமாலையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன் என்று தகப்பனுக்கு எழுதுகிறார். நமது ஐஸ்பழக் கதைதான். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் ஒரு பிடி விழுந்தால் நாம் "ஆகா" என்பதில்லையா, அதே கூட்டம்தான் அங்கேயும் இருந்திருக்கிறது. மூச்சு விடாமல் இருக்கிற பழக்கம் அதற்கு நெடுங்காலம் பிந்தி வந்தது.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அது ஜூலை 3-ஆம் தேதிக் கடிதம். அன்று இரவு பாரிஸில் அவருடைய தாய் இறந்துவிட்டார். தகப்பன் தாங்கமாட்டார் என்று, தாய்க்குக் கடுமையான வருத்தம் என்று மட்டும் எழுதிவிட்டு, கைதட்டலையும் ஐஸையும் பற்றி எழுதியிருக்கிறார். இதை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. நீ இப்போது கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். பயப்படாதே, அக்கா நன்றாக இருக்கிறார். நான் எதையும் ஒளிக்கவில்லை.

அன்று அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன், படுத்தபிறகுதான் உறைத்தது. நாம் என்ன குறைவா? பக்கத்தில் இருப்பவர் "இது என்ன ராகம்?" என்று கேட்டால் கணக்கர் ஒரு பார்வை பார்ப்பாரே, அது எந்தச் சாதி? தாளம் பிசகிப் போட்ட அந்தக் கண்ணாடிக்காரரைப் பார்த்து நீயும் நானும் தோள் குலுங்கச் சிரித்தோமே, அந்த மனிதர் அதற்குப் பிறகு வந்தாரா? என்னோடு வேலை செய்த ஒரு சிங்களப் பெடியன் ஒருமுறை கேட்டான்: "அங்கிள், அதுக்கு வேட்டி கட்டினால்தான் விடுவாங்களா?" நான் அதைப் பகிடியாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். வா என்று அவனைக் கூட்டிப் போகவில்லை.

கணக்கரிடம் கார் பார்க் யோசனையைச் சொன்னபோது, "சங்கீதத்தைத் தெருவுக்கு இறக்கினால் கெட்டுப்போகும்" என்றார். எனக்குக் கெட்ட கோபம். தெருவிலிருந்துதானே ஐயா நாம் கேட்டோம்! கோயில் வீதியில், மணலில், கச்சான் கொறித்துக்கொண்டு, விடிய விடிய மேளம். தட்சிணாமூர்த்தியின் தவிலை உன் மாமாவின் தோளில் இருந்து கேட்டோமே, அதற்கு என்ன டிக்கெட், என்ன படி? நித்திரை வந்தால் மணலிலேயே படுத்தோம், தனி உச்சத்துக்குப் போகும்போது யாராவது தட்டி எழுப்பினார்கள். அவர் 1975-இல் போய்விட்டார். நாய்கூடப் படுத்துக்கிடந்த அந்த வீதியில் அவர் கணக்கை ஒரு மாத்திரை குறைத்து வாசித்ததாக யாராவது சொல்லட்டும் பார்ப்போம். நீ இருக்கிற லண்டனிலேயே, 1895-இல் குவீன்ஸ் ஹோலில் புறொம்ஸ் என்ற கச்சேரித் தொடர் தொடங்கியபோது ஒரு ஷில்லிங் கொடுத்து நின்றுகொண்டு கேட்கலாம், சாப்பிடலாம், குடிக்கலாம், சுருட்டும் பிடிக்கலாம். சுருட்டை மட்டும் நான் கணக்கரிடம் சொல்லவில்லை.

ஆனால் கணக்கர் சொன்னதில் ஒன்று சரி. வருகிறவர்களுக்காகப் பாட்டைக் கரைக்கக் கூடாது. கீபோர்டும் டிரம்ஸும் போட்டு மூன்று நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு நானும் எதிரி. பாடவந்த பிள்ளையிடம் (யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் சங்கீதம் படித்தவள், குரல் தேன்) ஒன்றைத்தான் கேட்டேன்: பாட்டைக் குறைக்காதே, பாட்டுக்கு முன்னால் இரண்டு வசனம் பேசு. தெலுங்குக் கீர்த்தனை என்றால் அதை இயற்றியவர் என்ன கேட்கிறார் என்று சொல். இதற்காகத்தானே 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கமே வைத்தார்கள், புரிகிற பாஷையில் பாடுங்கள் என்று.

இனிக் கச்சேரி. வாடகைக் கதிரை 80, மைக் செட்டுக்கு 15,000 ரூபா. கார்களை எல்லாம் மரைன் டிரைவுக்கு அனுப்பிவிட்டோம், ஐந்தாம் மாடிக்காரருடையதைத் தவிர. அவர் எடுக்க மாட்டேன் என்றார், அது அவருடைய இடம், அவருடைய உரிமை. மிருதங்கக்காரர் அந்த பம்பரில் சாய்ந்துகொண்டுதான் உட்கார்ந்தார். அக்கா லிஃப்டில் இறங்கித் தன் காலால் நடந்து வந்து முன்வரிசையில் அமர்ந்தார். நீலக் காஞ்சிபுரம். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தொடங்க முன், எப்போது வேண்டுமானாலும் தட்டலாம், எழுந்து போகலாம், வரலாம் என்று தமிழிலும் என் ஓட்டைச் சிங்களத்திலும் சொன்னேன். அந்தப் பிள்ளை ஆதி தாளம் சொல்லிக்கொடுத்தாள்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கேற்றடியில் நின்ற ஓட்டோக்காரர், வாயில் வெற்றிலை, மோதிரவிரலில் தடக்கி விழுந்து விழுந்து நாலாம் சுற்றில் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை வாடகைக்குக் கூப்பிட்ட இரண்டு பேரை அனுப்பிவிட்டார். மூன்றாம் மாடிப் பிள்ளை ஒன்று, ஓட்டிசம் உள்ளவன், ஒரு தூணைச் சுற்றி முனகிக்கொண்டே நடந்தான், இரண்டரை மணித்தியாலமும். அவனை வெளியே எங்கேயும் கூட்டிப் போனதில்லை என்று தாய் பிறகு சொன்னாள். உன் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே, விளக்கை அணைக்காமல், எழுந்து நடக்க விட்டு, கச்சேரி வைக்கிறார்களாமே? போய்ப் பார்த்து எழுது.

உருப்படியான கட்டம் இனித்தான். பிரதான ராகம் கல்யாணி. ஆலாபனை மேல் ஸ்தாயிக்குப் போய் நிற்கிறது. பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பிள்ளை நிறுத்தி, சிரித்து, விட்ட இடத்தில் பிடித்தாள். கூட்டம் அமைதி. அப்போது அக்காவுக்குப் பின்னால் இருந்த ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, வடநாட்டு ராகதாரி சங்கீதம் படித்தவராம், உணர்ச்சிவசப்பட்டு அக்காவின் தோளைத் தொட்டு, "யமன் நே!" என்றார்.

அக்காவுக்கு 78 வயது. காலில் பிளேட். திடுக்கிட்டுத் திரும்பி, "எங்கே?" என்று கேட்டார்.

வடநாட்டில் நமது கல்யாணியை யமன் என்பார்கள் என்று நான் விளங்கப்படுத்துவதற்குள் முன்வரிசை முழுவதும் குலுங்கத் தொடங்கிவிட்டது. விளங்கியதும் அக்கா சிரித்த சிரிப்பு, பரா, நீ கேட்டிருக்க வேண்டும், அந்தப் பழைய சிரிப்பு, மூக்கால் வருமே. பிறகு இரண்டு கிழவிகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மோகனம் என்றால் பூபாலி, ஹிந்தோளம் என்றால் மால்கௌன்ஸ் என்று, பாட்டுக்கு நடுவிலேயே கதைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கர் திரும்பிப் பார்த்தார், அந்தப் பார்வைதான். அக்கா திருப்பி ஒரு பார்வை பார்த்தார். அதோடு கணக்கர் முன்னால் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

தனியின்போது சிறுவர்கள் மிருதங்கத்தைச் சுற்றி முட்டிக்கொண்டார்கள். வழமையாகத் தனி என்றால் தேத்தண்ணிக்கு ஓடுவோமே, ஒருவரும் ஓடவில்லை. தனியை முடித்துவைக்கிற கோர்வை நெருங்க, அதிர்விலோ என்னவோ, ஐந்தாம் மாடிக்காரரின் கார் அலறத் தொடங்கியது. மனிதர் சாரத்தோடு இறங்கி வந்து நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்விட்டார். மறுநாள் நிர்வாகக் குழுவுக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறார், இரண்டு பக்கம். அடுத்த முறை அனுமதி கிடைக்குமா தெரியாது.

கணக்கர் தலை எண்ணினார், எண்ணாமல் இருப்பாரா: 112 பேர். "அதில் 40 பேர் வடைக்கு வந்தவர்கள்" என்றார். இருக்கட்டும். நாமும் ஐஸ்பழத்துக்குப் போனவர்கள்தானே.

ஜனவரியில் வருகிறேன் என்று சொன்னாய். உண்மையாக வருகிறாய் என்றால் முன்னரே சொல், நாளைப் பார்த்து வைக்கலாம். அனுமதி கிடைக்காவிட்டால் அந்தச் சிங்கள ஆசிரியை தன் முற்றத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், தெஹிவளை, படி ஒன்றும் இல்லை. உன் தம்புரா இன்னும் அக்கா வீட்டு அலுமாரிக்கு மேலேதான் கிடக்கிறது. மந்தரக் கம்பி அறுந்துவிட்டது. வரும்போது ஒரு செட் கம்பி கொண்டு வா. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அக்கா யமனைக் கூப்பிடுவார்.

அன்புடன்,
சிவா