அஞ்சலியில் அவர்கள் கலையும் ஆட்டமும் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கலைஞரோ விளையாட்டு வீரரோ மறைந்தால், அஞ்சலிக் குறிப்பை நோயும் மருத்துவமனையும் இறுதி ஊர்வலமுமே அடைத்துக்கொள்கின்றன. 2024 டிசம்பரில் மறைந்த தபேலா மேதை ஜாகிர் உசேன், அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஒரே விழாவில் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றிருந்தார். அந்த விரல்கள் செய்த விந்தையை எழுதுங்கள். 2022இல் மறைந்த கால்பந்து வீரர் பீலே தன் முதல் உலகக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 17! அந்த ஆட்டத்தை இன்றைய சிறுவர்களுக்கு விவரிக்க வேண்டாமா?

வீட்டில் நாம் இழந்தவர்களையும் அப்படித்தான் நினைவுகூர வேண்டும். என் தந்தையின் கடைசி மாத வேதனையை நாங்கள் பேசுவதில்லை. வானொலி வர்ணனை கேட்கும்போது அவர் போடும் உற்சாகக் கூச்சலைத்தான் பேசுகிறோம். மறைந்த உறவுகளைப் பற்றி வாசகர்கள் இவ்வாறு எழுத வாரம் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்