எங்கள் கடல்தொட்டிக்கு வீடு தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

வேறு நாட்டுக்குக் குடிபெயர்வதால் கலைத்த எங்கள் கடல்நீர் மீன்தொட்டி காலியாகிவிட்டது. மீன், பவளம், இறால், நத்தை, பாறை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. எல்லா வீடுகளிலிருந்தும் நல்ல செய்தி வந்தாயிற்று. உங்களில் பலருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவர் செய்த உதவி இன்னொருவருக்குத் தெரியாமலே நிறைய நடந்திருக்கிறது. மாண்டரின் மீன் இன்று யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்கு, அது தன்னிடம் வர யார் விட்டுக்கொடுத்தார் என்பது தெரியாது. அதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

"கூடவே எடுத்துக்கொண்டு போகலாமே" என்று கேட்டவர்கள் பலர். ஆசை எங்களுக்கும் இருந்தது. ஆனால் போவது வேறு நாட்டுக்கு. கல்பவளங்கள் அத்தனையும், காட்டுயிர்களை நாடுவிட்டு நாடு வணிகம் செய்வதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. உயிர்ப்பாறையும் பழைய பவளத்தின் எலும்புக்கூடுதானே, அதற்கும் அதே விதிதான். மீன்களை மட்டுமாவது கொண்டுபோகலாம் என்றால், போய் இறங்கும் இடத்தில் அவற்றுக்கு முதிர்ந்த தொட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும். எங்களுக்கே அங்கே இன்னும் வீடு முடிவாகவில்லை.

"கடலில் இருந்துதானே வந்தது, கடலிலேயே விட்டுவிடுங்கள்" என்று சொன்னவர்களும் உண்டு. நல்ல மனதோடு சொன்னதுதான். அவர்களுக்கு நான் பதில் சொல்வதற்குள் கடல் உயிரியல் படித்த அக்கா ஒருவர் பொறுமையாக விளக்கினார். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த சிங்கமீன் 1985-இல் ஃப்ளோரிடா கரையோரம் முதன்முதலாகத் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவைதான் காரணம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுவதும் அதன் ராஜ்ஜியம். கௌலெர்ப்பா என்ற தொட்டிப் பாசி 1984-இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்தின் கீழே கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலோரமாகப் பரவியது. எங்கள் சம்ப்பிலும் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டி) ஒருவகைக் கௌலெர்ப்பா இருந்தது. அக்கா சொன்னபடி அதைக் காயவைத்துக் குப்பையில் சேர்த்தோம், சாக்கடைக்குப் போகவில்லை. கடைசியில் மிஞ்சிய தண்ணீருக்கும் அவர் ப்ளீச் ஊற்றச் சொன்னார். சரி என்று அதையும் செய்தோம்.

எதற்கும் நாங்கள் காசு வாங்கவில்லை. பதிலுக்குக் கேட்டது உங்கள் தொட்டியின் வயது, உப்பளவு, அதில் எப்போதாவது காப்பர் மருந்து போட்டதுண்டா என்ற மூன்று விவரங்கள் மட்டும். சும்மா கொடுக்கிறவன் இத்தனை கேள்வி கேட்பானா என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். காப்பர் மீனின் நோயைத் தீர்க்கும், ஆனால் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் மெல்ல மெல்லக் கசியவிடும். "முன்பு ஒருமுறை போட்டிருக்கிறேன், எனக்கு மீன் மட்டும் போதும், இறால் வேண்டாம்" என்று உண்மையைச் சொன்ன தம்பிக்கு என் தனி வணக்கம். நீங்கள் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இப்போது மாண்டரின் விஷயம். எங்கள் தொட்டியிலேயே அழகன் அவன்தான். நீலமும் ஆரஞ்சும் கோலம் போட்ட உடம்பு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அவனைத்தான். ஆனால் அவனுக்கு நாம் போடும் தீனி பிடிக்காது. பாறை இடுக்குகளில் வாழும் கோபெபாட் என்ற பொடிப்பொடி உயிர்களைப் பகல் முழுக்கக் கொத்திக்கொண்டே இருப்பான். பாறை நிறைய உள்ள, முதிர்ந்த தொட்டியில்தான் அது கிடைக்கும். புதுத் தொட்டியில் உள்ளதைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிட்டு, அப்புறம் கண்ணெதிரே மெலிந்து போவான். முதலில் பெயர் கொடுத்த அம்மாவின் மகளுக்கு அவன்மேல் உயிர். அவர்கள் வந்தார்கள், வெகுநேரம் பார்த்தார்கள், கேள்விகள் கேட்டார்கள். மறுநாள் அந்த அம்மா அழைத்து, "எங்கள் தொட்டி வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. இவன் எங்களிடம் பிழைக்க மாட்டான். மகளிடம் பேசிவிட்டேன், அவளுக்கும் புரிந்தது" என்றார். அதோடு நிற்கவில்லை. பல வருடமாகத் தொட்டி வைத்திருக்கும், கோபெபாட் பெருகுவதற்காக மீன் புகாத பாசித் தொட்டியைத் தனியாகச் சம்ப்பில் வைத்திருக்கும் ஒருவரை அவரே தேடிப்பிடித்து எனக்கு அறிமுகம் செய்தார். எடுத்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்வது எளிது. வேண்டாம் என்று சொன்னவருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

பாங்காய் கார்டினல் மீன் ஜோடியை எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு வேறுவிதமான பொறுமை வேண்டியிருந்தது. நாள் குறித்து, பெட்டியெல்லாம் தயார் செய்த பிறகு பார்த்தால் ஆண் மீன் சாப்பிடாமல் தாடையைப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. வாய்க்குள் முட்டை! இந்த இனத்தில் அப்பாதான் அடைகாப்பது. முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று வாரம், பொரிந்த குஞ்சுகளை மேலும் பத்து நாள் போல வாயிலேயே வைத்திருக்கும், அதுவரை பட்டினி. அந்த நேரத்தில் வலை வீசினால் பயத்தில் எல்லாவற்றையும் துப்பிவிடும், இல்லை விழுங்கிவிடும். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றி மட்டும் இயற்கையாக வாழ்கிற மீன் இது. தொட்டி வணிகத்துக்காக அளவுமீறிப் பிடித்ததால் 2007-இல் அருகிவரும் இனம் என்று உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். "எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறோம்" என்றீர்கள். எங்கள் பயணத் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் வெளியே வந்த பின்னர்தான் ஜோடியைப் பிடித்தோம். அப்பாவைப் போலவே கோடு போட்ட, நகக்கண் அளவுக் குஞ்சுகள். அவற்றையும் தனி டப்பாவில் நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள். உயிருள்ள இரை கொடுத்து வளர்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையிலும் கடினமான வேலை அதுதான்.

க்ளவுன் மீன் ஜோடியையும் அவை குடியிருந்த அனிமோனையும் (கடல் சாமந்தி) பிரிக்காமல் ஒரே வீட்டுக்குக் கொண்டுபோன அண்ணனுக்கு நன்றி. ஒன்று மட்டும் கேட்டவர்கள் நிறைய இருந்தார்கள். பெரியது பெண், சிறியது ஆண்; பெண் இல்லாமல் போனால் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்பதால் உயிருக்கு ஒன்றும் ஆகாதுதான். இருந்தாலும் இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தவை. அனிமோன் வேறு, பாறைப் பொந்துக்குள் பாதத்தை இறக்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தால் பாதம் கிழியும், கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. அண்ணன் கொஞ்சமும் அவசரப்படவில்லை. "பாறையோடு எனக்கே கொடுங்கள், என் தொட்டியில் இடம் செய்துகொள்கிறேன்" என்றார். செய்தும் காட்டினார். வரும் முன்பே தன் பம்ப்புகளின் வாயில் ஸ்பாஞ்சு கட்டிவிட்டார், அலைந்து திரியும் அனிமோன் உள்ளே சிக்கிக் கூழாகாமல் இருக்க.

இனி பாறைகள். மீனை எல்லோரும் கேட்டார்கள், பாறையின் அருமை தெரிந்தவர்கள் சிலர்தான். தொட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. துளைகள் நிறைந்த அந்தக் கல்லின் மேற்பரப்பில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியா. இவற்றோடு ஸ்பாஞ்சு, புழு, ஊதாப் பாசி என்று ஒரு பெரிய கூட்டம். பாறை காய்ந்தால் அத்தனையும் செத்து அழுகும், அந்த அம்மோனியா புதுத் தொட்டியில் உள்ள மீன்களைக் கொல்லும். கடல்நீரின் பிஹெச் எட்டுக்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் விஷம் நன்னீரை விட இங்கே கடுமை. ஆகவே பாறையைத் தண்ணீரில் மூழ்கியபடியே கொண்டுபோக வேண்டும். கனமோ கனம். மூடியுள்ள டிரம்களையும், அதைவிட முக்கியமாகத் தங்கள் முதுகையும் இரவல் தந்த இளைஞர்களே, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல!

தொலைவில் இருந்து வந்த பள்ளி ஆசிரியருக்கு மட்டும் அது முடியவில்லை. ஈரத் தாளில் சுற்றி, தெர்மகோல் பெட்டியில் எடுத்துப்போனார். ஆனால் நேரே வகுப்புத் தொட்டியில் போடவில்லை. தனித் தொட்டியில் ஹீட்டரும் பம்ப்பும் வைத்து, செத்த ஸ்பாஞ்சைத் தேய்த்து எடுத்து, தண்ணீர் மாற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை அதிலேயே வைத்திருந்தார். அளவுகளைப் பிள்ளைகளே எடுத்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். அந்தப் படம் எனக்கு வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஐப்டேசியா முளைத்த பாறையை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி அனிமோன் என்பார்களே, ஒரு துணுக்கு இருந்தாலும் பெருகிப் பக்கத்துப் பவளங்களைக் கொட்டும் அந்தக் களைதான். இதை எல்லோரிடமும் சொல்லித்தான் காட்டினேன். கீழ்வீட்டு அக்கா, "என் பெப்பர்மின்ட் இறால்களுக்கு வேலை வேண்டாமா" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அதற்கு முன்பு ஒருவர் அந்தப் பாறைமேல் கொதிநீர் ஊற்றிக் கொன்றுவிடலாம் என்று யோசனை சொன்னபோது, அங்கே இருந்த செவிலியர் சகோதரி சட்டென்று தடுத்தார். சோவாந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போட்டு, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் வந்த எல்லோருக்கும் கையுறையும் கண்ணாடியும் மாட்டிவிட்டது அவர்தான். முனகியவர்கள் இப்போதாவது அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

தொட்டியைக் கலைத்த நாளை ஒழுங்காக நடத்தியவர் பழகிய நண்பர் ஒருவர். முதலில் நல்ல தண்ணீரை டிரம்களில் எடுத்துவிட வேண்டும், பிறகு பவளம், பிறகு பாறை, கடைசியில்தான் மீன், மணலை எல்லாம் முடியும்வரை கிளறவே கூடாது என்று வரிசை போட்டுக் கொடுத்தார். பாறை இருக்கும்போது மீனைத் துரத்தினால் இரண்டு பக்கமும் களைப்புதான் மிச்சம். டார்ச் பவளத்தைத் தெர்மகோல் துண்டில் ஒட்டித் தலைகீழாக மிதக்கவிட்டுக் கொண்டுபோகச் சொன்னதும் அவர்தான். அதன் மெல்லிய சதை தன் கல்லிலேயே உரசிக் கிழியாமல் இருக்க அது ஒரு வழி. மஞ்சள் டாங் மீனை வலையில் பிடிக்காமல் டப்பாவில் பிடித்தோம், வாலடியில் உள்ள கத்திமுள் வலையில் மாட்டிக்கொள்ளும் என்பதால். ராஸ் மீனைக் காணவில்லை என்று வீடே தேடியது. அது மணலுக்குள் புதைந்து தூங்கிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுச் சிறுவன் கண்டுபிடித்தான். அவன் பெருமை இன்னும் அடங்கவில்லை.

நெடும்பயணம் போன மீன்களைப் பெற்றுக்கொண்டவர் செய்ததை இங்கே எழுதிவைக்க வேண்டும், மற்றவர்களுக்கும் உதவும். பைக்குள் நீண்ட நேரம் இருந்தால் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரின் பிஹெச்சைக் குறைக்கும். அந்தக் குறைந்த பிஹெச்சில் அம்மோனியா அதிகம் கடிக்காத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அந்த நேரத்தில் பழக்கப்படுத்துகிறேன் என்று மீனை அதே பைத் தண்ணீரில் வைத்து, தொட்டித் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுவது ஆபத்து. அவரோ எங்கள் தண்ணீரின் உப்பளவை முன்பே கேட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்த்து, வரவேற்புத் தொட்டியை அதே 1.025 ஒப்படர்த்திக்கு வைத்திருந்தார். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், மீனை மட்டும் எடுத்து உடனே தொட்டியில் விட்டார். ஒரு மீன்கூட இழக்கவில்லை. பக்கத்திலேயே போன சுத்தக்கார இறால்களுக்கு மட்டும் மெல்லச் சொட்டு விட்டோம், உப்பு மாற்றத்தை அவை தாங்காது.

யாரும் கேட்காத முரட்டு டாம்செல் மீனைக் கூட ஒருவர் ஏற்றுக்கொண்டார். தன் ட்ரிக்கர் மீன் அவனுக்குச் சரியான ஜோடி என்கிறார், பார்க்கலாம். சிங்கமீன் வளர்க்கும் இன்னொரு நண்பரும் அவனைக் கேட்டார். எதற்கு என்று புரிந்ததால் அன்போடு மறுத்துவிட்டோம்.

பிரிக்காத உப்பு வாளி, டெஸ்ட் கிட்டுகள், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் ஆசிரியரின் பள்ளிக்குப் போகின்றன. இரவல் டிரம்களை அலசிக் காயவைத்தாயிற்று, இந்த வார இறுதியில் வந்து எடுத்துக்கொள்ளலாம். நீல மூடி போட்ட டிரம் யாருடையது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. உரியவர் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
நாங்கள் எல்லோரும்